முதலில் ஒரு சொட்டு

வெள்ளை என்பது ஒரே நிறம் என்று எண்ணுகிறவர்கள் அந்தச் சலவை ஆலைக்குள் ஒரு பகல் நின்று பார்க்கவேண்டும். மருத்துவமனைப் படுக்கைவிரிப்பின் வெள்ளை வேறு. உணவகத்து மேசைவிரிப்பின் வெள்ளை வேறு. விடுதித் தலையணையுறைக்கு வாய்த்த வெள்ளை அவ்விரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று. கூடையின் மூடியைத் திறந்த மாத்திரத்தில், இது இந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடக் கூடியவள் மடிப்பக்கா. பெற்றவர்கள் இட்ட பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. மருத்துவமனைச் சீட்டில் மட்டும் அது எட்டிப் பார்க்கும். அவள் மடித்த விரிப்பின் ஓரத்தில் விரலை ஓட்டினால் எங்கும் தட்டாமல் அந்த முனையில் போய் நிற்கும். அதனால் ஆலை முழுவதும் அவளை மடிப்பக்கா என்றே அழைத்தது. அவளைவிட மூத்தவரான மேற்பார்வையாளரும் அப்படித்தான்.

அவள் நின்றது நீராவி இஸ்திரி இயந்திரத்தின் முன்னே. கீழே மெத்தை தைத்த இரும்பு மேடை. மேலே அதே வடிவில் ஒரு மூடி. துணியைப் பரப்பி, கைப்பிடியால் மூடியை இறக்கி, இடக்காலால் மிதியை அழுத்தினால், கிழயானை பெருமூச்சு விடுவதுபோல் ஆவி எழுந்து கூரையைத் தொட்டுத் திரும்பும். அந்த வெண்மூட்டத்துக்குள் அவள் முகம் தோன்றுவதும் மறைவதுமாக இருக்கும். பள்ளிப் பருவத்திலேயே சர்க்கரை நோய் வந்து, அன்றுமுதல் காலையில் ஊசி போட்டுக்கொண்டு வாழ்கிறவள் என்று பார்த்தவர் எவரும் சொல்லமாட்டார்கள். நோய் அவளோடு ஒரே வீட்டில் வளர்ந்த உடன்பிறப்பைப் போல. அதன் கோபமும் தெரியும், அதன் பசியும் தெரியும் என்றே அவள் இதுகாறும் நம்பியிருந்தாள்.

அந்த நம்பிக்கைதான் இப்போது ஆட்டம் கண்டிருந்தது.

வேலை சூடுபிடிக்கும் முற்பகல் வேளையில் அது வரும். முதலில் கூடத்து ஓசை விலகி, பக்கத்து வீட்டில் கேட்பதுபோல் ஆகும். பிறகு வெள்ளைத் துணியின் விளிம்புகள் கரையும். தரை சாய்வதும் தான் சாய்வதும் வேறுவேறு என்று தெரியாத ஒரு கணம். முழுதாக மயங்கி விழுந்ததில்லை. விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னே எதையேனும் பற்றிக்கொண்டு நின்றுவிடுவாள். அன்று பற்றியது சூடான மூடியின் ஓரத்தை.

"ஐயோ அக்கா!"

பக்கத்து மேசையில் மடிப்புவேலை செய்யும் சுருட்டை பாய்ந்து வந்து அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள். சுருட்டை என்பது அவளுடைய தலைமுடி பெற்றுத் தந்த பெயர். இருவருமாகச் சரிந்து துணிக்கூடையின்மேல் உட்கார்ந்தார்கள். அடுத்த நொடி கூடமே அங்கே கூடிவிட்டது. எவரோ தேநீர்க் குவளையை வாயில் வைத்தார்கள். சுருட்டை குளுக்கோஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, பாதியை அவள் வாயிலும் மீதியை அவள் கையிலுமாகக் கொட்டினாள்.

"நக்குங்க அக்கா, நக்குங்க. பாக்காதீங்க, முழுங்குங்க!"

"விடுடி... மூச்சு விட விடுடி..."

"மூச்சு அப்புறம் விடலாம், முதல்ல டீயைக் குடிங்க."

கண் தெளிந்ததும், அவள் பையிலிருந்த சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்து, மாவு படிந்த விரல்நுனியில் குத்தி ஒரு சொட்டு வைத்தார்கள். எண் நன்றாக மேலேயே நின்றது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

"சர்க்கரை குறையல. இது வேற ஏதோ," என்றார் மேற்பார்வையாளர். அவர் முகத்தில் கோபத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. "மடிப்பக்கா, நான் சொல்றதக் கேளுங்க. இன்னைக்கு விரல் சுட்டுச்சு. நாளைக்கு மூடிக்குள்ள கை போயிட்டா? காரணம் தெரியிற வரைக்கும் நீங்க பிரஸ்ல நிக்கவேணாம். அழுக்குத்துணி பிரிக்கிற ரூம்ல உக்காந்து பாருங்க."

"உக்காந்து பாக்குற வேலைக்கு என்னைய விட நல்லா உக்கார்றவங்க இருக்காங்க சார்."

"அக்கா, ஜோக் அடிக்கிற நேரமா இது?"

"ஜோக் இல்ல சார். காரணம் தெரிஞ்சா திரும்ப இங்க நிக்கலாமா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் அவளுடைய சுட்ட விரலைப் பார்த்தார். "காரணமும் தெரியணும், அது கட்டுக்குள்ளயும் வரணும். அப்ப உங்க இடம் உங்களுக்குத்தான்."

"சொன்ன சொல்லு மாறக்கூடாது," என்று எழுந்து, நீல ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அதன் வலத் தொடைப்பக்கம் மட்டும் உள்ளங்கையளவு வெளுத்து வட்டமாக இருந்தது. 'அக்கா ஏப்ரன்ல நிலா முளைச்சிருக்கு' என்று சுருட்டை அதைக் கேலி செய்து வெகுநாளாகவில்லை.

*

வீட்டில் அவள் கணவர் விரலுக்கு மருந்து தடவினார். தச்சர் அவர், கதவும் சன்னலும் செய்கிறவர். உளி பிடித்துக் காய்த்த கை, மனைவியின் விரலைத் தொடும்போது மட்டும் பஞ்சாகிவிடும்.

"பேசாம வேலைய விட்டு நின்னுடு. உன் உடம்பு சொல்லுது, நீ கேக்க மாட்டேங்குற."

"உடம்பு சொல்லட்டும். என்ன சொல்லுதுன்னு புரிஞ்சா கேக்கமாட்டேனா? புரியாத பாஷையில கத்துனா என்ன பண்றது?"

"காதப் பாத்தாச்சு, நெஞ்சப் பாத்தாச்சு, தலையப் படம் புடிச்சுப் பாத்தாச்சு. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

"தலையில ஒண்ணும் இல்லன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமேப்பா," என்றாள் மகள், கீரை ஆய்ந்தபடியே. செருப்புக்கடை வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"வாய மூடுடி. உங்கம்மா தோள் வலிக்குதுன்னு சொன்னப்ப நான் சும்மா இருந்தனா? மேடை உயரமா இருக்குன்னு அடியில போட்டு நிக்கப் பலகை செஞ்சு குடுத்தேன். வலி போச்சா இல்லையா?"

"போச்சு," என்றாள் அவள். உண்மைதான். அவர் இழைத்துக் கொடுத்த அந்தப் பலகையின்மேல் நின்றபின் தோள்வலி போன இடம் தெரியவில்லை. முனைகள்கூட உருட்டிவிடப்பட்ட பலகை. காலில் இடித்தால் வலிக்கக் கூடாதாம்.

"அந்த மாதிரி இதுக்கும் ஒரு பலகை செய்ய முடிஞ்சா செஞ்சிருப்பேன். முடியல. அதான் சொல்றேன், நின்னுடு."

கைநிறைய வெண்மையை வாங்கிச் சுருக்கமின்றித் திருப்பிக் கொடுப்பது அவளுக்குப் பூசை போன்றது. இதை எவரிடமும் அவள் சொன்னதில்லை. மூடியைத் தூக்கி, ஆவி விலகி, அடியிலிருந்து துணி தெளிந்து வரும்போதெல்லாம் அவள் உள்ளே ஏதோ ஒன்று கைகூப்பும். அதை விடுவதென்றால் காரணத்தோடு விடவேண்டும். பெயர் தெரியாத ஒன்றுக்குப் பயந்து, அடுப்படிப் பூனைபோல் ஒதுங்கிப் போக அவளுக்குச் சம்மதமில்லை.

*

அழுக்குத்துணி அறையில் வியப்பான ஒன்று நிகழ்ந்தது. மயக்கம் வரவே இல்லை.

ஈரவாடை வீசும் அந்த அறையில் முக்காலியில் உட்கார்ந்து, பச்சைப் பையிலிருந்ததைப் பச்சைத் தொட்டியிலும் மஞ்சள் பையிலிருந்ததை மஞ்சள் தொட்டியிலும் போட்டுக்கொண்டிருந்தாள். நாள்கள் கழிந்தன. தரை தரையாகவே கிடந்தது. தச்சருக்கு மகிழ்ச்சி தாளவில்லை.

"பாத்தியா? சூடுதான். நிக்கிறதுதான். விட்ட உடனே சரியாயிடுச்சு."

"அந்தச் சூட்டுல சுருட்டையும் நிக்கிறா. மத்தவங்களும் நிக்கிறாங்க."

"அவங்களுக்குச் சர்க்கரை இல்ல."

"எனக்கு இத்தன வருஷமா இருக்கு. இத்தன வருஷமா அங்கதான் நின்னேன். இப்ப மட்டும் ஏன்?"

அது மட்டுமன்று. வீட்டில் காலைதோறும் பார்க்கும் எண் சற்றே உயர்ந்துகொண்டு போயிற்று. அதே ஊசி, அதே அளவு, அதே சாப்பாடு. வேலை மட்டும் வேறு. இரண்டையும் முடிச்சுப் போடத் தெரியாமல், வழக்கமாகச் சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டரம்மா பேச்சில் சிக்கனமானவர்; கேட்பதில் தாராளமானவர். முழுவதையும் கேட்டபின், "மயக்கம் வந்தப்பல்லாம் சர்க்கரை பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தோம் டாக்டரம்மா. எப்பவும் மேலதான் இருக்கு."

"எப்போ பாத்தீங்க? வந்த உடனேயா, டீ குடிச்ச பிறகா?"

"எங்க ஆளுங்க, நான் கண்ணச் சொருகுறதுக்கு முன்னாடி டீய ஊத்திடுவாங்க. குளுக்கோஸ் மாவையும் கையில கொட்டிடுவா ஒருத்தி."

"அந்தக் கையிலதான் குத்திப் பாத்தீங்களா?"

"ஆமா."

"விரல்ல சர்க்கரை ஒட்டியிருந்தா மெஷின் அதையும் சேத்துத்தான் சொல்லும்." டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அப்போ நமக்கு இதுவரைக்கும் ஒண்ணுமே தெரியாது. நானும் அந்த நம்பரை நம்பிட்டேன், கேட்டிருக்கணும். அடுத்த தடவ உக்காந்துக்குங்க. விரலக் கழுவுங்க, முடியலன்னா ஈரத்துணியில துடைங்க. ஒரு சொட்டு. அப்புறம் டீ. அதுக்குக்கூட முடியலன்னா விட்டுடுங்க, டீயைக் குடிங்க. உயிர விட நம்பர் பெருசு இல்ல."

"அடுத்த தடவ வரவே மாட்டேங்குதே டாக்டரம்மா, அந்த அறையில."

"வரலைன்னா நல்லதுதானே?"

"எனக்கு இல்ல," என்றாள் அவள்.

*

மேற்பார்வையாளர் முதலில் முடியாது என்றார். பிறகு மாட்டேன் என்றார். அவள் நகர்வதாக இல்லை என்று கண்டபின்தான் பேச வந்தார்.

"மயக்கம் வரணும்னு பிரஸ்ல நிக்கப்போறேன்னு சொல்ற ஆள நான் இப்பதான் பாக்குறேன்."

"வந்தா புடிக்கணும் சார். வராதத எப்படிப் புடிக்கிறது? மூடியை நான் தொடமாட்டேன். சுருட்டை இறக்கட்டும், ஏத்தட்டும். நான் துணி போடுறேன், எடுக்குறேன், மிதிய மிதிக்கிறேன். அவ்வளவுதான்."

"நானா?" என்றாள் சுருட்டை. "அக்கா விழுந்தா?"

"விழமாட்டேன். உக்காருவேன். பக்கத்துல முக்காலி இருக்கும், வாளியில தண்ணி இருக்கும், சோப்பு இருக்கும். நீ செய்யவேண்டியது ஒண்ணே ஒண்ணு."

"என்ன?"

"எனக்கு எதுவும் செய்யாம இருக்கணும். நான் சொட்டு வைக்கிற வரைக்கும்."

"அது எப்படி அக்கா முடியும்?"

"அதான் உனக்கு வேலை."

அன்று அவள் வழக்கமான ஊசியைப் போட்டுக்கொண்டு, வழக்கமானதை உண்டு, வழக்கமான பலகைமேல் ஏறி நின்றாள். விரிப்பு வந்தது, போயிற்று. ஆவி எழுந்தது, கலைந்தது. திருடனுக்காகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பவளைப் போல் அவள் ஒவ்வொரு மூச்சையும் உற்றுக் கேட்டாள். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை என்றே இருந்தபோது, மேசைவிரிப்பு ஒன்றின் ஓரத்தை இழுத்துக்கொண்டிருந்த வேளையில், சுருட்டையின் பேச்சு திடீரென்று பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

வந்துவிட்டது.

முக்காலியைத் தேடிய கை ஒருமுறை தவறி, பிறகு கிடைத்தது. உட்கார்ந்தாள். வெண்மை எல்லாம் ஒன்றாகக் கரைந்து கண்முன் பெருகிற்று. ஐம்புலனும் ஒவ்வொன்றாய் விளக்கை அணைத்துக்கொண்டு வெளியேறுவதுபோல் இருந்தது. அந்த இருட்டின் நடுவே ஒரே ஒரு எண்ணத்தை மட்டும் அவள் விடாமல் பிடித்திருந்தாள்: விரல்.

"அக்கா! டீ! யாராவது டீ!" குவளை உதட்டில் வந்து முட்டியது.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"குடிங்கக்கா, ஐயோ, வெளுத்துட்டீங்க, குடிங்க!"

"த... தண்ணி."

"டீ இருக்கு அக்கா, தண்ணி எதுக்கு!"

"விரலுக்குடி, மண்டு!"

அந்த வசவுதான் சுருட்டைக்கு அறிவைத் திருப்பித் தந்தது. வாளியை இழுத்தாள். அழுதுகொண்டே அக்காவின் விரலுக்குச் சோப்புப் போட்டாள், கழுவினாள், புதுத்துணியில் துடைத்தாள். ஊசிமுனையை அழுத்தியது எவர் கை என்று இருவருக்கும் பின்னர் நினைவில்லை. சிவந்த ஒரு சொட்டு துளிர்த்தது. மெஷின் அதை உறிஞ்சிக்கொண்டு, எண்ணி எண்ணி, கடைசியில் சொல்லிற்று: நாற்பத்தாறு. எழுபதுக்குக் கீழே இறங்கவே கூடாத எண் அது.

"இப்ப குடு," என்றாள் மடிப்பக்கா. தேநீரைக் கடைசித் துளிவரை குடித்தாள். உலகம் மெல்ல மெல்ல விளக்கேற்றிக்கொண்டு உள்ளே வந்தது. முதலில் அவள் கண்ணில் பட்டது சுருட்டையின் முகம். கண்ணீரும் ஆவியும் கலந்து வழிய, வெற்றிபெற்றவளா தோற்றவளா என்று தெரியாத முகம்.

"எதுக்குடி அழுற? புடிச்சிட்டோம்."

*

"சர்க்கரைதான்," என்றார் டாக்டரம்மா. "பல வருஷமான பிறகு, குறையுதுன்னு உடம்பு கொடுக்கிற அறிகுறி மங்கிடும். பசி தெரியாது, நடுக்கம் தெரியாது. வேர்வை உங்க கூடத்துல எல்லாருக்கும் இருக்கும். அதான் உங்களுக்கே தெரியல. ஆனா ஏன் அங்க மட்டும் குறையுது? அந்த மெஷின் முன்னாடி எப்படி நிப்பீங்க? நின்னு காட்டுங்க."

அவள் எழுந்து பரிசோதனைக் கட்டிலைப் பார்த்து நின்றாள். கையை நீட்டித் துணி பரப்பினாள். இல்லாத மிதியை இடக்காலால் மிதித்தாள். இடக்கால் எழுந்ததும் உடம்பின் பாரம் தானாக வலப்பக்கம் சாய்ந்தது. வலத் தொடை கட்டிலின் விளிம்பில் போய் அமர்ந்துகொண்டது.

"அங்கயும் இப்படிச் சாய்வீங்களா?"

"சாய்வேன். மயக்கம் வர ஆரம்பிச்ச பிறகு இன்னும் நல்லாவே சாஞ்சுக்குவேன், பயத்துல."

"சாயற இடம் சூடா இருக்குமா?"

"இரும்பு விளிம்பு. ஏப்ரன் கனமா இருக்கிறதால சுடாது. இதமாத்தான் இருக்கும்."

"காலையில ஊசி எங்க போடுறீங்க?"

"தொடையில," என்று சொல்லி, வழக்கமான இடத்தின்மேல் கையை வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது. நீல ஏப்ரனில் முளைத்திருந்த நிலா, சரியாக அந்த இடத்தில்தான்.

"ஊசி போட்ட இடத்துல சூடு பட்டா மருந்து சீக்கிரமா உள்ள இறங்கும்," என்றார் டாக்டரம்மா மெதுவாக. "மெல்லமா வேலை செய்யவேண்டியது ஒரேயடியா இறங்கிடுது. அழுக்குத்துணி ரூம்ல அந்தச் சூடு இல்ல, அதான் அங்க மயக்கமும் வரல, நம்பரும் ஏறுச்சு. அப்படித்தான் தோணுது. இனிமே வயித்துல போடுங்க, அளவையும் பாத்து மாத்திக்கலாம். வேலை செய்யிற இடத்துலயே அப்பப்ப சர்க்கரை பாருங்க. ஒண்ணு சொல்லிடுறேன், வர்ற எல்லா மயக்கத்துக்கும் இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன்."

"வேணாம் டாக்டரம்மா. ஒண்ணொண்ணா பாத்துக்கலாம்."

வீடு நோக்கி நடக்கையில் அவளை உறுத்தியது வேறொன்று. முன்பெல்லாம் அந்த விளிம்பு அவள் இடுப்புக்கு வரும். தொடை அதில் பட வாய்ப்பே இல்லை. தொடைக்கு வந்தது எப்போது? தோள்வலி தீர்ந்ததே, அப்போது.

*

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அவள் எண்ணியதுண்டு. ஊசியின் இடம்தான் மாறப்போகிறதே. பலகையைப் பற்றி எதற்கு? ஆனால் அவர் தானாகவே கேட்டார்.

"இத்தன வருஷமா இல்லாம இப்ப ஏன்னு கேட்டியே, அதுக்கு என்ன சொன்னாங்க?"

அவள் சொன்னாள். முகத்தைப் பாராமல், சட்டையை மடித்தபடியே சொன்னாள்.

தச்சர் கையிலிருந்த மரச்சிராய் ஒன்றை இரண்டாக ஒடித்தார், இரண்டை நான்காக்கினார்.

"நான் செஞ்சது," என்றார் கடைசியில். "நின்னுடு நின்னுடுன்னு உன்னப் போட்டு அரிச்சேன். கீழ நின்னுக்கிட்டு உன்னத் தள்ளிவிட்டது என் பலகை."

"பலகை தோளக் காப்பாத்துச்சு. அத யாரு மறந்தது?"

"எரிச்சிடுறேன் அத."

"எரிச்சா திரும்ப தோள் வலிக்கும். அப்ப இன்னொண்ணு செய்வீங்க. அதுக்கு இதையே சரி பண்ணிக் குடுங்க."

மகள் அறைவாசலில் நின்று சொன்னாள்: "அப்பா, கடையில செருப்பு கடிச்சா நாங்க கால வெட்டச் சொல்றதில்ல. செருப்பத்தான் தட்டிக் குடுப்போம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வரவிடாமல் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் தம் வாழ்வில் முதன்முறையாக அவர் அந்த ஆலைக்குள் வந்தார். ஆவிக்கு நடுவே கண்களைச் சுருக்கிக்கொண்டு மனைவி நிற்பதைப் பார்த்தார். அவள் ஒரு விரிப்பைப் பரப்பி, மிதியை அழுத்தி, எடுத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் நாலு மூலையும் ஒன்றாய்ச் சேர மடித்து வைத்ததைப் பார்த்தார். நின்றுவிடு என்ற சொல்லை அதன்பின் அவர் வாயிலிருந்து எவரும் கேட்டதில்லை. குந்தியமர்ந்து அளந்தார். பலகையின் முன்னோரத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி ஒரு குறுக்குச் சட்டம் பொருத்தினார். எவ்வளவு சாய்ந்தாலும் கால் அந்தச் சட்டத்தில்தான் முட்டும். தொடை விளிம்பை எட்டாது.

"இனிமே தள்ளி நில்லுன்னு நான் சொல்லவேணாம். மரமே சொல்லும்," என்றார்.

"நீங்க சொன்னாத்தான் கேக்கமாட்டாங்க. மரம் சொன்னா கேப்பாங்க," என்றாள் சுருட்டை.

மேற்பார்வையாளர் சட்டத்தைக் கையால் அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. சில வாரம் எண்களையும் பார்த்தார், அவையும் ஆடவில்லை. மூடியின் கைப்பிடி மீண்டும் மடிப்பக்காவின் கைக்கு வந்தது. புது ஏப்ரன் ஒன்றும் கொடுத்தார்கள்.

அதில் நிலா முளைக்காமலே மாதங்கள் சென்றன. ஒருநாள் பிற்பகல், வேலை முடியும் தறுவாயில், எந்த முன்னறிவிப்பும் இன்றித் தரை ஒருமுறை மெல்லச் சாய்ந்தது. அவள் மூடியை விட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

கூடம் அவளை நோக்கி ஓடிவந்தது. முன்னே வந்த தேநீர்க் குவளையைச் சுருட்டை கையை விரித்து மறித்தாள்.

"யாரும் கிட்ட வரக்கூடாது! முதல்ல ஒரு சொட்டு!"

வாளி வந்தது, சோப்பு வந்தது, துணி வந்தது. குவளையை ஏந்தியவள், ஏந்தியபடியே மூச்சடக்கி நின்றாள். மெஷின் எண்ணிற்று. நூற்றுப் பதினெட்டு.

சுருட்டையின் முகம் சுருங்கியது. "நல்லாத்தானே இருக்கு. அப்போ இது என்ன மயக்கம் அக்கா?"

மடிப்பக்கா அந்த எண்ணைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்தவரின் முகம் என்று எண்ணிக் கதவைத் திறந்தவள், வேறொருவர் நிற்பதைக் கண்டதுபோல் இருந்தது. ஆனால் கதவைச் சாத்த அவளுக்குத் தோன்றவில்லை. தரை தன் இடத்துக்குத் திரும்பும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு குவளைக்குக் கையை நீட்டினாள்.

"தெரியலடி. இதையும் கண்டுபுடிப்போம். சர்க்கரை போடாத டீயா குடு. அந்தக் கூடையில இன்னும் நாலு விரிப்பு கிடக்கு பாரு, அத இப்படி எடுத்து வை."